வருமானம் பார்க்க வந்த அம்மா

எங்கள் தெருவில் ஒரு சோபா இருக்கிறது. சட்டப்படி அது எதிர்வீட்டு அத்தைக்குச் சொந்தம். துபாயில் இருக்கும் மருமகன் முதல் லீவில் வந்தபோது மாமியாருக்கு வாங்கிப் போட்டது. மெரூன் வெல்வெட், கைப்பிடிக்கு ஒன்றாகச் சிங்கத் தலை. ஆனால் அனுபவ பாத்தியதை தெரு முழுவதற்கும் உண்டு. எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்களோ அந்த வீட்டுக்கு அன்று காலையிலேயே சோபா போய்ச் சேர்ந்துவிடும். யாரும் போய்க் கேட்க வேண்டாம். அத்தையே நாலு இளவட்டங்களைப் பிடித்துத் தூக்கச் சொல்லி, சிங்கத்தின் மூக்கு சுவரில் இடித்துவிடக் கூடாதென்று பின்னாலேயே கத்திக்கொண்டு போவாள். சோபாவுக்குத் துணையாகப் பலசரக்குக்கடை அக்கா வீட்டு ஏர் கூலரும், ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய பிளாஸ்டிக் ஆப்பிளும் கிளம்பும். கல்யாணத் தரகர் ஒருவர் எங்கள் தெருவில் அடுத்தடுத்துப் பல வீடுகளுக்கு வந்துவிட்டு, "இந்த ஊர்ல இந்த மாடல் சோபாதான் ஓடுது போல" என்று வியந்துவிட்டுப் போனார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு விதி. இரவல் என்று விருந்தாளி முன்னால் மூச்சு விடக்கூடாது. பொருளின் சொந்தக்காரி பக்கத்திலேயே நின்றாலும் அந்த நேரத்துக்கு அது அந்த வீட்டுப் பொருள்தான். ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், "நீங்களும் உக்காருங்க தாயி" என்று அத்தையைத் தன் பக்கத்தில் கூப்பிட்டபோது, "அய்யோ, எனக்கு சோபாவுல உக்காந்தெல்லாம் பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவள் தினமும் படுத்துத் தூங்குவது அதில்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். அவ்வப்போது பத்திரிகைகளுக்கு நகைச்சுவை என்று நான் நம்புகிற சிலவற்றை எழுதி அனுப்புவேன். அவர்கள் வேறு மாதிரி நம்பித் திருப்பி அனுப்புவார்கள். வீட்டில் புத்தக அலமாரி வைத்திருக்கும் ஒரே ஆள் என்பதால் தெருவில் எனக்கு 'படிச்ச ஆளு' என்று ஒரு பட்டம். அதை வைத்துக்கொண்டு எனக்குக் கிடைத்ததெல்லாம் மின்வாரியத்துக்குப் புகார் எழுதுகிற வேலை.

பக்கத்து வீட்டில் தறிக்கார அண்ணாச்சி இருக்கிறார். தெருக்கோடியில் இன்னொருவருக்குச் சொந்தமான விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். அவருடைய ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியலுக்கு இடமும் வாங்கிவிட்டாள். மிச்சமிருந்தது படிக்க வைப்பது ஒன்றுதான். அதற்கு அரசாங்கத்தில் ஒரு வழி இருந்தது. வருமானம் குறைந்த வீட்டிலிருந்து அறிவியல் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை. அது கிடைத்தால் ஹாஸ்டலும் ஃபீஸும் பற்றிக் கவலையில்லை. கிடைக்காவிட்டால் பஜாரில் ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை தயாராக இருந்தது. முதலாளி ஆள் விட்டு, "பிள்ளை எப்பம் வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாகிவிட்டது. சாதாரணமாக அது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஊர் சுற்றிவிட்டு வந்துவிடும். இந்தத் தடவை வருவாய் ஆய்வாளர், எங்கள் வாயில் ஆர்.ஐ., நேரில் பார்த்துத்தான் பரிந்துரை செய்வேன் என்று சொல்லிவிட்டார். உதவித்தொகைக்குக் கடைசித் தேதி நெருங்கி, கழுத்தில் கை வைக்கிற தூரத்தில் நின்றது. அப்போதுதான் மதினிக்கு, அதாவது அண்ணாச்சியின் மனைவிக்கு, போன் வந்தது. 'நாளைக்குக் காலையில வர்றேன், வீட்ல இருங்க.'

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே மதினியும் மகளும்.

"என்னவே வாத்தியாரே, ஆர்.ஐ. அம்மா வீட்டப் பாக்க வருதாங்களாம். நாங்க என்ன செய்யணும்?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் இத்தனை புத்தகங்களைப் படித்திருக்கிறேன் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பதறாதீங்க அண்ணாச்சி. அவங்க எதைப் பாக்க வருதாங்க? வறுமைய. அது அவங்க கண்ணுல படணும்."

"இருக்கத அப்படியே காட்டுனா பத்தாதாக்கும்?"

"பத்தாது. உங்க வீட்ல டி.வி. இருக்கு. மிக்ஸி இருக்கு. கிரைண்டர் இருக்கு. மேசை ஃபேன் வேற. பாக்கிறவங்களுக்கு வசதியான வீடுன்னு தோணுமா தோணாதா?"

"எல்லாம் கவர்மெண்டு சும்மா குடுத்ததுல்லா!" என்றாள் மதினி.

"யாரு குடுத்தா என்ன மதினி? இருக்குல்லா?"

மகள் அதுவரை சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, கவர்மெண்டு குடுத்தத கவர்மெண்டு கண்ணுல படாம ஒளிச்சு வச்சு, அப்புறம் கவர்மெண்டுகிட்டயே ஸ்காலர்ஷிப் வாங்கணுமா?"

"நிர்வாகம்னா அப்படித்தான் மக்கா. நீ சயின்ஸ் பிள்ளை. உனக்கு இது புரியாது. வரலாறு படிச்சிருக்கணும்."

"உள்ளத உள்ளபடி காட்டுனா என்ன?"

"உள்ளத உள்ளபடி காட்டித்தான் பல பேரரசு விழுந்திருக்கு" என்றேன். எந்தப் பேரரசு என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் என் வீட்டுக்குக் கடத்தினோம். டி.வி.யை நானும் அண்ணாச்சியும் தூக்கினோம். கிரைண்டரை அண்ணாச்சி தூக்கினார், நான் அதன் ஒயரைத் தூக்கினேன். ஒற்றை பிளாஸ்டிக் நாற்காலியையும் விடவில்லை. சுவரில் தொங்கிய பலசரக்குக்கடை காலண்டர் கொஞ்சம் பளபளப்பாகத் தெரிந்ததால் அதையும் கழற்றினேன். மூலையில் ஓட்டைக் குடம் ஒன்று உருட்டி விட்டால் எடுப்பாக இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. மதினி பார்த்த பார்வையில் அது வந்த வழியே போய்விட்டது.

என் மனைவி வாசலில் நின்று இந்தப் படையெடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம வீட்ல இதெல்லாம் எங்கன வைக்க?"

"முன் அறையில வையி. ஒரு நாளைக்குத்தானே."

"டி.வி. பக்கத்துல டி.வி.யா? கடை மாதிரில்லா இருக்கும்?"

"யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன். வரலாற்றில் தோற்றவர்கள் எல்லாரும் முந்தின நாள் சாயங்காலம் இப்படித்தான் ஏதோ சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஆர்.ஐ. அம்மாவை எதிர்கொண்டு அழைக்கப் போனேன். குடிநீர்க் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி உள்ளே வராது. மெயின் ரோட்டு டீக்கடையில் நின்றேன். அவர் வர நேரமானது. டீ குடித்தேன். வடை தின்றேன். அந்த வெறும் வீட்டை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பாய், ஒரு குடம், ஒரு சாமி படம். கச்சிதம். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகத் திருத்தி முடித்த ஒரே படைப்பு அதுதான் என்று பெருமையாக இருந்தது.

ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பை, கையில் ஹெல்மெட், முகத்தில் இன்னும் பல வீடுகள் பாக்கியிருக்கிற களைப்பு. பள்ளங்களைத் தாண்டிக்கொண்டு நடந்தோம். நடக்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று நான் ஆரம்பித்தேன்.

"மேடம், முன்கூட்டியே சொல்லிடுதேன். உக்கார ஒரு நாற்காலி கூடக் கிடையாது. தரையிலதான் உக்காரணும்."

"பரவாயில்ல சார்."

"ஃபேன் கிடையாது. புழுக்கமா இருக்கும்."

"சரி சார்."

"அந்தச் சுவரைப் பாத்தாலே உங்களுக்குக் கண்ணீர் வந்துரும். ஒரு காலண்டர் கூட இல்ல."

அவர் நின்றார். "சார், நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"பக்கத்து வீடு."

"நான் நேர்ல பாத்துக்கிடுதேன். நீங்க பள்ளத்தப் பாத்து வாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, எனக்கு ஒரு வாசனை வந்தது. நெய்யில் வறுத்த முந்திரி. யார் வீட்டிலோ விசேஷம் போல என்று நினைத்தேன். அண்ணாச்சி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தாமரைக் கோலம் கிடந்தது. கோலத்துக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு அத்தை பன்னீர்ச் செம்போடு நின்றாள்.

"வாங்க தாயி, வாங்க!" ஆர்.ஐ. அம்மாவின் ஹெல்மெட் மேல் பன்னீர் விழுந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். சிங்கம் என்னைப் பார்த்தது.

நேற்று பாய் விரித்து வைத்த இடத்தில் மெரூன் சோபா. பக்கத்தில் ஏர் கூலர் மழைக்காலத்து ஓடை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஆப்பிள். தட்டு தட்டாகக் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. அண்ணாச்சி மொடமொடவென்று வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாண மண்டப வாசலில் நிற்கிற பொம்மை மாதிரி கை குவித்து நின்றார். உள் அறையிலிருந்து மகள் வந்தாள். மாம்பழக் கலர் பட்டுச் சேலை. தலையில் மல்லிகைப் பூ பந்து பந்தாக. கையில் காபித் தட்டு. முகத்தில் கொலைவெறி. அவள் பின்னால் என் மனைவி, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே வந்தாள். அந்த மாம்பழக் கலரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று ஒரு நொடி யோசித்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் பார்த்திருக்கிறேன்.

நடந்ததை மனைவி என் காதில் ஓதினாள். நான் மெயின் ரோட்டுக்குப் போன பிறகு அத்தை எட்டிப் பார்த்திருக்கிறாள். "என்னட்டி இது, வீடு பேய் குடியிருக்க மாதிரி கிடக்கு? ஒரு ஆபீசர் வார அன்னைக்கா இப்படிப் போட்டு வைப்பீக? வயசுக்கு வந்த பிள்ளை இருக்கிற வீடு! அவ போயி நாலு இடத்துல என்ன சொல்லுவா?" மதினி என் திட்டத்தைச் சொல்லியிருக்கிறாள். "அவன் கிடக்கான், பொஸ்தகத்தப் படிச்சுக் கெட்டவன்" என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டு இளவட்டங்களைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?" என்றேன்.

"பிள்ளை பழைய சுடிதார்ல நின்னா. எனக்கு மனசு கேக்கல."

ஆர்.ஐ. அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். "என்ன விசேஷம்?"

"நீங்க வாரதுதான் விசேஷம்!" என்றாள் அத்தை. "உக்காருங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க."

அவர் சோபா நுனியில் உட்கார்ந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். "தரையிலன்னு சொன்னீங்க சார்."

நான் ஆப்பிளைப் பார்த்தேன்.

"ஒரு வாய் கேசரி தின்னுங்க தாயி."

"வேண்டாம்மா, டூட்டில இருக்கேன்."

"கேசரி தின்னா டூட்டி ஓடியா போயிரும்?"

அவர் தட்டை நகர்த்திவிட்டுப் போனைத் திறந்தார். அதில் எதையோ படித்தார். மறுபடி கூலரைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக அண்ணாச்சியிடம் பேசினார். "அண்ணாச்சி, தறிக்கூலி மட்டுந்தான் வருமானம்னு போட்டிருக்கீங்க. நான் வீட்டையும் போட்டோ எடுத்து வைக்கணும். இதை எடுத்து வச்சிட்டு, வருமானம் குறைவுன்னு நான் எப்படிப் பரிந்துரை பண்ண முடியும்? நீங்களே சொல்லுங்க."

அண்ணாச்சியின் குவித்த கை அப்படியே நின்றது. மகள் காபித் தட்டோடு பாதி வழியில் நின்றுவிட்டாள். ஆர்.ஐ. அம்மா விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால், திரும்பப் போட்டு வாங்குவதற்குள் கடைசித் தேதி தாண்டிவிடும். அது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் முன்னால் வந்தேன்.

"மேடம், இதெல்லாம் இரவல்! இந்த சோபா எதிர்வீட்டு..."

"யாரு சொன்னா இரவல்னு?" அத்தை பாய்ந்தாள். "அவன் பேச்ச நம்பாதீங்க. எல்லாம் அவுக வீட்டுச் சாமாந்தான்."

விதி! விருந்தாளி முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி! பலசரக்குக்கடை அக்காவும் கதவோரத்திலிருந்து, "ஆமா, நாங்க சும்மா எட்டிப் பாக்க வந்தோம்" என்றாள், தன் கூலர் ஒயரை மிதிக்காமல் நகர்ந்து நின்றபடி.

"இரவல்தான் மேடம்" என்றாள் மகள்.

"சின்னப் பிள்ளை, கூச்சப்படுதா" என்றாள் அத்தை.

"அத்தை, கொஞ்சம் பேசாம இருங்களேன்!"

"பாத்தீகளா, எவ்வளவு அடக்கம்!"

அண்ணாச்சி அத்தையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தெரு முழுவதும் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த மரியாதையை, கொடுத்தவர்கள் நிற்கும்போதே எப்படிக் கீழே போடுவது? மகளுடைய படிப்பு ஒரு பக்கம். அத்தையின் முகம் ஒரு பக்கம். நடுவில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அறுந்த இழையை முடிச்சுப் போடுவது. இங்கே எந்த இழை எங்கே அறுந்தது என்றே தெரியவில்லை.

ஆர்.ஐ. அம்மா மகளைப் பார்த்தார். இன்னும் யாரும் எடுக்காத காபியைப் பார்த்தார். அவருக்கு மனசு இளகியிருக்க வேண்டும். ஏதாவது ஒரு வழி பண்ணுவோம் என்று நினைத்துத்தான் சோபாவை அழுத்திப் பார்த்திருக்கிறார்.

"சரி, இது ஒண்ணும் புதுசில்ல. வெல்வெட் தேஞ்சிருக்கு. ஸ்பிரிங்கும் உள்ள போயிட்டு. யாரோ கழிச்சுப் போட்டத வாங்கியிருப்பீங்க. மதிப்பில்லாத பழைய சோபான்னு எழுதிக்கிடுதேன்."

கருணையில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"என்னது?" என்றாள் அத்தை.

"பழசுன்னு..."

"கழிச்சுப் போட்டதா? எம் மருமவன் துபாயில இருந்து வந்து, மதுரையில கடை கடையா ஏறி எறங்கி வாங்குனது! ஸ்பிரிங் போயிட்டாம்ல! எந்திரிங்க, எந்திரிங்க, நான் உக்காந்து காட்டுதேன். நான் இதுலதான் தினமும் படுக்கேன். இதுவரைக்கும் ஒரு முனகல் உண்டா கேளுங்க!"

ஆர்.ஐ. அம்மா எழுந்து நின்றார். அத்தை தன் சோபாவில் குதித்து உட்கார்ந்து ஒரு தடவை எழும்பிக் காட்டினாள். சிங்கங்கள் ஆடின.

"அப்ப இது உங்களுதா?"

அத்தை நாக்கைக் கடித்தாள். ஆனால் மருமகனுக்கு நேர்ந்த அவமானம் விதியைவிடப் பெரிசாகிவிட்டது. "ஆமா. எங்களுதுதான். நல்ல சோபான்னு எழுதுங்க."

ஆர்.ஐ. அம்மா புத்திசாலி. அவர் அப்படியே கூலர் பக்கம் திரும்பினார். "இதுவும் ரிப்பேர் போல. காத்தவிடச் சத்தந்தான் வருது."

"ரிப்பேரா?" பலசரக்குக்கடை அக்கா கதவை விட்டு வந்தாள். "போன சீசன்லதான் வாங்குனோம். முன்னாடி வந்து நில்லுங்க. குளிருதா இல்லியா?"

"குளிருது" என்று ஒப்புக்கொண்டார். பிறகு, அவர் வேண்டுமென்றேதான் செய்தார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன், மகளின் சேலை முந்தானையை விரலால் தொட்டு, "சாயம் மங்கிட்டே" என்றார்.

"மங்கல!" என்றாள் என் மனைவி. "அது கலரே அப்படித்தான். என் முகூர்த்தப் பட்டு. இவரு கூட அன்னைக்கு..." என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தாள். நான் அன்றைக்குச் சேலையைப் பார்க்கவில்லை, பயத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற உண்மையைச் சபையில் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. கேசரித் தட்டு யாருடையது, ஆப்பிள் யாருடையது, காபி டம்ளர் யார் வீட்டுச் சீர் என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். அண்ணாச்சி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "இது மட்டும் என்னுது" என்றார். "போன தீவாளிக்கு எடுத்தது."

ஆர்.ஐ. அம்மா இடுப்பில் கை வைத்தார். "அப்ப இந்த வீட்ல இவங்க சாமான்னு என்னதான் இருக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வாத்தியார் வீட்ல இருக்கு" என்றார் அண்ணாச்சி.

ஊர்வலமாக என் வீட்டுக்கு வந்தோம். முன் அறையில் இரண்டு டி.வி.கள் தோளோடு தோள் உரசி நின்றன. இரண்டு கிரைண்டர், இரண்டு மிக்ஸி. மேசை ஃபேன் ஒன்று, மேலே சுழலும் ஃபேன் ஒன்று. நாற்காலிகள் நுழைய வழியில்லாமல். சுவரில் என் காலண்டருக்குப் பக்கத்திலேயே அதே கடைக் காலண்டர் இன்னொன்று. ஆர்.ஐ. அம்மா மிக்ஸியைத் திருப்பி அடியில் பார்த்தார். அரசு முத்திரை. கிரைண்டரிலும் முத்திரை. ஃபேனிலும் முத்திரை.

"இது எல்லாம் ரேஷன் அட்டைக்குக் குடுத்தது. அங்கனயே இருந்திருந்தா நான் வாசல்ல நின்னே பாத்துட்டுப் போயிருப்பேன். இத யாரு சார் ஒளிச்சு வைக்கச் சொன்னது?"

"நான்தான் மேடம்."

"நீங்க என்ன பண்ணுதீங்க?"

"வரலாற்று ஆசிரியர்."

அவர் அந்த அறையை இன்னொரு தடவை, நிதானமாக, மூலைக்கு மூலை பார்த்தார். "நீங்க ஸ்காலர்ஷிப் எதுக்கும் அப்ளை பண்ணலியே சார்?"

"இல்ல மேடம்."

"பண்ணாதீங்க."

தெருவே சிரித்தது. மகள் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பில் மல்லிகைப் பந்து ஒன்று கழன்று விழுந்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சோபா வெளியேறியது, கூலர் வெளியேறியது, டி.வி. வீடு திரும்பியது. கிரைண்டர் ஒயரைத் தூக்கும் பொறுப்பு மறுபடி எனக்கே வந்தது. மகள் தன் சுடிதாரில் வந்து அம்மா அப்பாவோடு பாயில் உட்கார்ந்தாள். ஆர்.ஐ. அம்மா போட்டோ எடுத்தார். எடுத்துவிட்டு அவரும் அந்தப் பாயிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து போனில் ஏதோ தட்டினார்.

"கெமிஸ்ட்ரி ஏன் எடுத்த?" என்று கேட்டார், தலை நிமிராமல்.

"அப்பா கொண்டு வார நூல்ல ஒரு சாயம் துவைச்சாலும் போகாது. இன்னொண்ணு வேர்வைக்கே போயிரும். ஏன்னு பள்ளிக்கூடத்துல கேட்டேன். சிலபஸ்ல இல்லன்னுட்டாங்க."

"சித்தி சேலை எந்தச் சாயம்?"

"மங்கிட்டுதான் மேடம்" என்றாள் அவள், என் மனைவி கொல்லைப்புறம் போயிருப்பதை உறுதி செய்துகொண்டு.

ஆர்.ஐ. அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். அத்தை தூக்குவாளியில் கேசரியோடு பள்ளம் பள்ளமாகத் துரத்தியும் வாங்கவில்லை. மறுநாளே சான்றிதழ் வந்துவிட்டது. அண்ணாச்சி வீட்டார் அதை இ-சேவை மையத்தில் ஏற்றினார்கள். நான் உதவிக்குப் போகிறேன் என்று கிளம்பியதற்கு, "சித்தப்பா, நீங்க வீட்ல இருங்க, அதுவே பெரிய உதவி" என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக உதவித்தொகை கிடைத்துவிடாது. விண்ணப்பித்தவர்களில் மார்க் பார்த்துத்தான் எடுப்பார்கள். கல்லூரி திறக்கிற நாள் நெருங்கியது. ஜவுளிக்கடை முதலாளி இன்னொரு தடவை ஆள் அனுப்பினார். அண்ணாச்சி, "ரெண்டு நாள்ல சொல்லுதேன்" என்றார். அந்த ரெண்டு நாளை அவர் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. மதினி கோமதி அம்மன் கோயிலுக்குப் போய் வந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் மகள் போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "சித்தப்பா, இதப் படிச்சுப் பாருங்க. நான் படிச்சது சரிதானான்னு மட்டும் சொல்லுங்க."

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. விண்ணப்ப எண், அவள் பெயர், தேர்வு செய்யப்பட்டிருப்பதாக ஒரு வரி. நான் மூன்று தடவை படித்தேன். படிச்ச ஆள் என்ற பட்டத்துக்கு அன்றைக்குத்தான் உண்மையாக ஒரு உபயோகம் வந்தது என்பதால் அவசரப்படவில்லை.

"சரிதான் மக்கா" என்றேன். அவள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்பது என் வயதுக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகை.

தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு எடுபடாது. அத்தனை தறிகளும் ஒன்றாக அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லாம் கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்வார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் அண்ணாச்சி அந்தக் கூடத்தின் தறிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் பஞ்சு. மகளைப் பார்த்ததும் கையை வாய்க்குக் கொண்டுபோய், சோறா, அங்கன வை, வாரேன் என்று சாடை காட்டினார். அவள் இல்லை என்று தலையாட்டி, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பஞ்சைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆங்கிலம். என்னைப் பார்த்தார். நான் கட்டை விரலை உயர்த்தினேன். என் கட்டை விரலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அவர் ஒரு கணம் யோசிப்பது தெரிந்தது. திரும்ப மகளைப் பார்த்தார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அண்ணாச்சி திரும்பிப் போய் முதல் தறியை நிறுத்தினார். அடுத்ததை நிறுத்தினார். அப்படியே வரிசையாகப் போய்க் கடைசித் தறியையும் நிறுத்திவிட்டு, அதன் மேல் கையை ஊன்றி நின்றார். முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. கூடம் அடங்கியது. தெருக்கோடி அடங்கியது.

பகல் நேரத்தில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் அடங்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வெளியே கதவுகள் திறந்தன. அத்தை கையில் விசிறியோடு வாசலுக்கு வந்து கூவினாள்.

"ஏட்டி, கரண்டு போயிட்டா?"

"இல்லத்த" என்று கூடத்து வாசலில் நின்று மகள் சொன்னாள். "கரண்டு இருக்கு."